கொல்லிமலைக்கு வேர் வைத்தவர்கள்

நாமக்கல்லில் திருச்சி ரோட்டுத் திருப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கருப்பண்ணனுக்கு மனிதர்களைப் பிடிக்காது. சைக்கிள் மேல் பிரியம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் சைக்கிள் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. டயரைத் தடவிப் பார்த்தே அதை ஓட்டியவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் கேவலமாகத்தான் சொல்வார்.

ஒரு தடவை பெரிய பண்ணைக்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, “முள்ளு குத்திருச்சப்பா, பாரு” என்றார். கருப்பண்ணன் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“முள்ளு இல்லீங்க. மூணு பேரு ஏறிக் கல்லு மேல உட்டிருக்கீங்க. ரிம்மு நசுங்கிக் கெடக்குது. நெசத்தச் சொல்லிப்போட்டுக் குடுங்க, ஒட்டித் தாரேன்.”

பண்ணைக்காரர் நிஜத்தைச் சொல்லவில்லை. வண்டி ஒட்டப்படாமலே திரும்பிப் போயிற்று. இப்படிப்பட்டவருக்கு வியாபாரம் எப்படி நடந்தது என்று கேட்டால், ஊரில் அவரைப்போல் சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக் கோட்டம் எடுக்க வேறு ஆள் இல்லை. அதோடு அவர் மனைவி சின்னாயி வாசலில் நின்று, போகிறவர்களைச் சமாதானம் செய்து திருப்பி அழைத்து வருவாள்.

நான் சுப்பையன். அந்தக் காலத்தில் பரமத்தி ரோட்டில் ஓர் அரிசி மில்லில் ரைட்டர். எனக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கருப்பண்ணனைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்துவிட்டு என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் அவர் காறித் துப்புவார்.

1936-ஆம் வருஷம் ஐப்பசி வாக்கில் சென்னையிலிருந்து ஒரு புரொபசர் வந்தார். கோட்டு, கண்ணாடி, கூடவே மூன்று மாணவர்கள், வைக்கோல் திணித்த மரப்பெட்டிகள். எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கல் அறை கட்டினார். அதற்குள் பாறையோடு சேர்த்துச் சிமிட்டி போட்டு, பூகம்பத்தைப் பதிவு செய்யும் கருவியை வைத்தார். கனமான ஓர் இரும்புக் குண்டு தொங்கும். அதிலிருந்து நீண்ட ஊசி ஒன்று, விளக்குப் புகையில் கறுப்பாக்கிய காகிதத்தின் மேல் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். உலகத்தில் எங்கேயாவது பூமி குலுங்கினால் கோடு நடுங்கும்.

எதற்கு இது என்று புரொபசர் மில்லில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். பூமிக்கு மேல்தோல் ஒன்று உண்டாம். அதற்குக் கீழே இன்னும் கெட்டியான பாறையாம். பூகம்பத்தின் அதிர்வு கீழே இருக்கும் கெட்டிப் பாறையில் வேகமாக ஓடி வரும். மேல்தோலுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்துவிடும்.

“கப்பி ரோட்டில் ஓடி வர்ற வண்டி ஆத்து மணல்ல எறங்கினா என்ன ஆகும்?” என்று கேட்டார்.

“இழுக்கும்” என்றேன்.

“மணல் எவ்வளவு அகலமோ அவ்வளவு தாமதம். அதேதான். மலைக்கு அடியில தோல் தடிப்பா இருந்தா அதிர்வு தாமதமா வந்து சேரும். சமதரையில ஒரு கருவி, மலையடியில ஒரு கருவி. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாத்தா மலைக்கு அடியில எத்தனை மைல் தடிப்புன்னு சொல்லிடலாம். இமயமலைக்கு அடியில பெரிய வேர் இருக்கு. கொல்லிமலைக்கும் வேர் இருக்கும். நான் கண்டுபிடிக்கப் போறேன்.”

கண்டுபிடிக்கும் முன்பே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சமதரைக் கருவியைப் பரமத்திப் பக்கம் ஒரு பங்களாவில் வைத்து மாணவர்களையே காவல் போட்டார். அங்கே அவர்களிடம் ரேடியோ இருந்தது. மலையடிவாரத்தில் ரேடியோவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, கரண்டும் கிடையாது. ஆகவே இன்னொரு ரேடியோவை எங்கள் மில்லில் வைத்தார்கள். தினமும் சாயங்காலம் நாலரை மணிக்குச் சீமையிலிருந்து ஆறு ‘டிக்’ சத்தம் வரும். ஆறாவது டிக் விழும் கணத்தில் சரியாக நாலரை. எருமப்பட்டிக் கருவியைக் கவனிக்கும் ஆள் ஒரு நல்ல கைக்கடிகாரத்தை வெல்வெட்டுப் பெட்டியில் வைத்துப் பத்து மைல் சைக்கிளில் வந்து, அந்தச் சத்தத்தோடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி கூட, எத்தனை விநாடி குறைய என்று நோட்டில் எழுத வேண்டும். நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அவன் பத்து மைல் திரும்பிப் போய், கருவியோடு ஓடும் பெரிய கடிகாரத்தை இந்தக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

“ஒரு விநாடி தப்பினா மலைக்கு அடியில பதினெட்டு மைல் தப்பிப் போகும்” என்று புரொபசர் விரலை ஆட்டிச் சொன்னார்.

இந்த வேலைக்கு எருமப்பட்டிச் சென்னியப்பனை வைத்து, புதுச் சைக்கிள் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்கள். தோட்டம் துரவு உள்ள குடும்பம். பத்தாவது வரை படித்தவன். அவனை அந்த ஊரில் யாரும் ‘அவன்’ என்று சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

முதல் ஒரு வாரம் சென்னியப்பன் ஒழுங்காக வந்தான். இரண்டாம் வாரம் இரண்டே நாள் வந்தான். பிறகு ஒரு நாள் சந்தை வண்டியில் ஏறி வந்து இறங்கினான். கையில் ஒரு பெரிய பலாப்பழம்.

“ரைட்டருங்க, ஒரு சின்ன ஒத்தாச. தெனமும் ஒரு கையெழுத்துக்காவ நீங்களும் ரேடியோ முன்னால காத்துக் கெடக்கறீங்க, நானும் வெயில்ல சாவறேன். மாசத்துக்கு ஒருக்கா வாரேன். மொத்தமாப் போட்டுருங்க.”

“நேரம் எழுதணுமேப்பா?”

“அத நா ஊட்டுல உக்காந்து எழுதிக்கறனுங்க. அரை விநாடி கூட, கால் விநாடி கொறைய. அதுல என்ன இருக்குது?”

பழம் கமகமவென்று வாசனை அடித்தது. முப்பது இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமும் போட்டேன். பதினான்கு மாதம் இப்படி ஓடிற்று. பழம் இல்லாத காலத்தில் தேன் வந்தது. எருமப்பட்டியில் சென்னியப்பன் தன்னைப் ‘பூகம்ப ஆபீசர்’ என்று சொல்லிக்கொண்டு, நாலரை மணிக்கு மூன்று பேரோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தான்.

1938 தை மாதம் புரொபசரிடமிருந்து கடிதம் வந்தது. கொல்லிமலைக்கு வேர் கண்டுபிடித்துவிட்டாராம். சீமையில் பெரிய சங்கத்தில் அவர் கட்டுரை அச்சாகப் போகிறதாம். எருமப்பட்டியில் ஒரு கூட்டம் போட்டுச் சென்னியப்பனுக்குச் சால்வை போர்த்துவதாகவும், அவன் ஓட்டிய சைக்கிளுக்கு மாலை போட்டு மேடையில் நிறுத்துவதாகவும் எழுதியிருந்தார்.

மாலை போடும் சைக்கிள் பளபளப்பாக இருக்க வேண்டாமா? சென்னியப்பன் அதைக் கருப்பண்ணன் கடைக்குக் கொண்டுவந்தான். என் வண்டிக்கு பிரேக் மாற்ற நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

கருப்பண்ணன் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். துணியை எடுத்தவர், பின் டயரைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டார்.

“டயரு மாத்துனீங்களா?”

“இல்ல இல்ல. வந்தன்னைக்கு இருந்த டயருதான். நல்லாத் தாங்குது.”

“எத்தன மைலு ஓடியிருக்குமுங்க?”

சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். “போகப் பத்து, வரப் பத்து. நானூறு நாளுக்கு மேல. எட்டாயிரம் மைலு. புரொபசரே கணக்குப் போட்டாரு.”

புது டயரில் பூனை மீசை மாதிரி மெல்லிய ரப்பர் முடிகள் நிற்கும். ஒரு மாதம் நன்றாக ஓட்டினால் தேய்ந்துபோகும். கருப்பண்ணன் ஒரு முடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டினார்.

“எட்டாயிரம் மைலுக்கு அப்பறமும் மீச மொளச்சு நிக்குது. கெட்டிக்கார டயருங்க.”

சென்னியப்பனின் முகம் சிவந்தது. “உன்ற சோலி தொடைக்கறது. தொடச்சுக் குடு.”

“தொடைக்கறனுங்க. அழுக்கே இல்ல, என்னத்தத் தொடைக்கறது?”

சென்னியப்பன் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கருப்பண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானுங்களே மில்லுல கையெழுத்துப் போடறது?”

நான் பிரேக் கட்டையைப் பார்த்தேன். அவர் விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன், பலாப்பழம் வரைக்கும்.

“எந்தப் பழமுங்க? கீழ வெளஞ்சதா, மலைப்பழமா?”

“மலைப்பழந்தான்.”

“மலைய வித்து மலைப்பழம் வாங்கித் தின்னிருக்கீங்க. ருசியா இருந்துச்சுங்களா?”

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போல. அன்றைக்கு அவர் என் வண்டிக்கு பிரேக் போட்டுத் தரவில்லை. சின்னாயிதான் போட்டாள்.

எருமப்பட்டிக் கூட்டத்துக்குக் கருப்பண்ணன் கடையை அவளிடம் விட்டுவிட்டு வந்தார். நானும் போனேன், போகாவிட்டால் சந்தேகம் வரும் என்ற பயத்தில் போனேன். சந்தைமேட்டில் பந்தல். மேடையில் வாழைமரம், மாலை போட்ட சைக்கிள், சரிகைத் தலைப்பாகையோடு சென்னியப்பன். புரொபசர் அரை மணி நேரம் பேசினார். கொல்லிமலை மேலே தெரிவது கொஞ்சம்தான், பூமிக்குள் இருபத்திரண்டு மைல் அதிகப்படியாக வேர் இறங்கியிருக்கிறது என்றார். ஜனங்கள் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். கை தட்டினார்கள்.

“இந்த உண்மையைக் கொண்டுவந்தது இந்த சைக்கிள்! எட்டாயிரம் மைல்!” என்றார் புரொபசர்.

கூட்டத்தின் நடுவிலிருந்து கருப்பண்ணன் எழுந்தார்.

“ஏனுங்க, டயரப் பாத்தீங்களா?”

“என்னப்பா?”

“டயருங்க. பின் டயரு. எறங்கி வந்து தடவிப் பாருங்க. இந்த வண்டி நாமக்கல்லுக்குப் பத்து தடவ வந்திருந்தா அதிகம். நேரம் ஊட்டுல உக்காந்து எழுதுனது. கையெழுத்து பழத்துக்குப் போட்டது. போட்டவரு அதா அங்க, தூணுக்குப் பின்னால நிக்கறாரு.”

புரொபசர் சைக்கிளைப் பார்த்தார். குனிந்து டயரைத் தொட்டார். அவர் விரல் அங்கேயே நெடுநேரம் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது, நான் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்திலேயே தெரிந்தது.

பிறகு நிமிர்ந்து, சால்வையை எடுத்துச் சென்னியப்பனுக்குப் போர்த்தினார்.

ஜனங்கள் மறுபடி கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கருப்பண்ணனைத் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார்கள். “பெரிய மனுசங்க காரியம், நமக்கெதுக்கு?” என்று ஒருவர் சொன்னார். கருப்பண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டு நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலை புரொபசர் அவர் கடைக்கே வந்தார். தனியாக வந்தார்.

“சென்னியப்பனுக்கு உடம்பு சரியில்லையாம். அந்த வேலையை நீ பாக்கறியா?” என்றார்.

வாயை அடைக்கத்தான் வேலை தருகிறார் என்பது எனக்கே தெரிந்தது. கருப்பண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் ஒப்புக்கொண்டார். ஏன் என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். “அந்தக் குண்டு பொய் சொல்லாதுங்க. நம்ம ஆளுங்கதான் சொன்னாங்க. அது பாவம்” என்றார். அந்த மனிதர் யாருக்காவது பரிந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் ஓர் இரும்புக் குண்டுக்கு.

அன்று முதல் கடை சின்னாயி வசம். பெண் பிள்ளை பஞ்சர் ஒட்டுகிறாள் என்று முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. அவள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, “குமுழி வருதான்னு பாருங்க. சும்மா நிக்கறதுக்கு அதாச்சும் பாருங்க” என்பாள். ஆறு மாதத்தில் ஊர் பழகிவிட்டது. கருப்பண்ணன் கல் அறையிலேயே படுத்துக்கொள்வார். காலையில் காகிதத்தை மாற்றி, கோடு அழியாமல் அரக்குத் தண்ணீரில் முக்கி உலர்த்துவார். மத்தியானம் கிளம்பி நாலு மணிக்குக் கடைக்கு வந்து, சின்னாயி செய்த வேலையில் ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டு, நாலரைக்கு மில்லில் இருப்பார்.

மழை, வெயில், பங்குனி அனல், ஐப்பசி அடைமழை. என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆறாவது டிக் விழுந்ததும் எழுதுவார். நோட்டை என் முன் தள்ளுவார்.

“பாத்துப் போடுங்க.”

மூன்றரை வருஷம் தினமும் அதே இரண்டு சொல். ஒரு தடவை நான் கடிகாரத்தைப் பார்க்காமல் பேனாவை எடுத்துவிட்டேன். நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “நாளைக்கு ரெண்டா பாத்துப் போடுவீங்களா?” அந்த நாளுக்கு என் கையெழுத்து இல்லை. ‘சாட்சி பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்.

பதினோரு நாள் அவர் வரவில்லை. இரண்டு நாள் கரைபோட்டான் ஆற்றில் வெள்ளம், பாலம் மூழ்கிவிட்டது. ஒன்பது நாள் அவருடைய ஆறு வயது மகள் பாப்பாயிக்கு விஷக் காய்ச்சல். அந்த ஒன்பது நாளும் அவர் நாமக்கல் வீட்டில் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து மில்லுக்குக் கூப்பிடு தூரம். வந்து ரேடியோவைக் கேட்டு எதையாவது எழுதியிருக்கலாம். வரவில்லை. பாப்பாயி பிழைத்து எழுந்த பிறகு நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் நேராக, ‘போகவில்லை’ என்று ஒன்பது தடவை எழுதினார்.

அந்த ஒன்பது நாளுக்குள், கிழக்கே கடலுக்கு அப்பால் பெரிய பூகம்பம் ஒன்று வந்து போயிருந்தது. கருவி தானாக அதைப் பதிவு செய்திருந்தது. காகிதம் மாற்றாததால் கோட்டின் மேல் கோடு விழுந்திருந்தாலும், அதிர்வு ஆரம்பித்த இடம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கடிகாரம் அன்று எத்தனை விநாடி தப்பாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இதற்குள் புரொபசரின் நிலைமை மோசமாகியிருந்தது. பரமத்தி மாணவன் ஒருவன் எனக்குச் சொன்னான். சென்னியப்பன் காலத்தில் பதினொரு பூகம்பம் பதிவாயிற்றாம். அவன் இஷ்டத்துக்கு எழுதிய நேரத்தால் ஒன்றில் மலைக்கு வேர் எழுபது மைல் வந்தது. இன்னொன்றில் மலை தரையைவிட மெலிதாகப் போயிற்று. புரொபசர் எட்டைத் தள்ளிவிட்டு, தனக்குப் பிடித்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். இப்போது கருப்பண்ணன் அனுப்பிய பதினேழு பூகம்பத்திலும் மலையடிக்கும் பரமத்திக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. விநாடியில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. கொல்லிமலை வேர் எதுவும் இல்லாமல், சமதரைக்கு உள்ள அதே தடிப்புத் தோலின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

1941 ஆடியில் புரொபசர் மில்லுக்கு வந்தார். நாலரை மணிக்குக் கருப்பண்ணன் வரும்வரை காத்திருந்தார். வந்ததும் சிரித்த முகத்தோடு ஆரம்பித்தார்.

“கருப்பண்ணா, பெரிய பூகம்பம் ஒண்ணு சிக்கியிருக்கு. அது ஒண்ணு போதும். அந்தத் தேதிக்கு நேரம் எழுதாம விட்டுட்டே.”

“அன்னைக்கு நா போவலீங்க.”

“தெரியும். குழந்தைக்கு உடம்பு. முந்தின வாரம் எவ்வளவு தப்பு, பிந்தின வாரம் எவ்வளவு தப்புன்னு உனக்கு மனசுல இருக்கும். சுமாரா ஒரு எண்ணைப் போடேன்.”

“சுமாருக்குச் சென்னியப்பன் இருக்காருங்க. சால்வ போத்துனீங்களே.”

புரொபசரின் சிரிப்பு போய்விட்டது. “உன் கடிகாரமே மூணு வருஷமா தப்பா இருக்கணும். இல்லேன்னா இப்படி வராது.”

கருப்பண்ணன் வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்து அவர் முன் வைத்தார். ரேடியோவைத் திருகினார். ஆறு டிக் விழுந்தது.

“பாத்துச் சொல்லுங்க, எவ்வளவு தப்புன்னு.”

புரொபசர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

“மலைக்கு வேரு இல்லீங்க” என்றார் கருப்பண்ணன். “நீங்களும் அவருமாச் சேந்து வெச்ச வேரு அது. அவரு சோம்பேறி, பத்து மைலு மிதிக்க ஒடம்பு வணங்கல. உங்களுக்கு என்னங்க கேடு? படிச்சவியதான? டயரத் தொட்டுப் பாத்தீங்கல்ல?”

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஒரு சைக்கிள் கடைக்காரர் சென்னைப் புரொபசரை அப்படிப் பேசுவது எங்கள் ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். புரொபசர் தன் குரலை அடக்கிக்கொண்டு, “உனக்கு இதெல்லாம் புரியாது” என்று மட்டும் சொன்னார். ஏதாவது ஒரு வாதம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவ்வளவு படிப்புக்கும் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அடுத்த வாரமே யுத்தத்தைக் காரணம் காட்டி எருமப்பட்டி அறையைப் பூட்டினார்கள். குண்டு, ஊசி, கடிகாரம் எல்லாம் பெட்டிக்குள் போயின. நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ‘கருவி பழுது, பதிவுகள் நம்பத்தகாதவை’ என்று புரொபசர் எழுதிவைத்ததாக மாணவன் சொன்னான்.

அன்று கருப்பண்ணன் கடைக்கு நான் போனேன். அந்த மூன்றரை வருஷமும் மில்லில் ஒப்பிட்ட நேரங்களை நான் தனியாக ஒரு நோட்டில் நகல் எடுத்து வைத்திருந்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. முன்பு செய்ததற்கு மனசு அரித்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

கருப்பண்ணன் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ‘போகவில்லை’ என்ற பதினோரு நாளும், ‘சாட்சி பார்க்கவில்லை’ என்ற ஒரு நாளும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தார். இருந்தன. உள்ளே போய், கருவி காட்டிய நேரங்களைத் தான் எழுதி வைத்திருந்த சிட்டையைக் கொண்டுவந்து போட்டார்.

“இங்கிலீசுல எழுதத் தெரியுமல்ல? வடக்க எங்கியோ பெரிய ஆபீசு இருக்குதாமே, பூகம்பத்துக்குன்னு. அனுப்புங்க.”

“பதில் போடுவாங்களா?”

“போடமாட்டாங்க. அவியளும் மனுசங்கதான?”

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தட்டச்சு செய்த ஒரு பக்கம். கடை வாசலில் நின்று நான் படித்துத் தமிழில் சொன்னேன். ‘பதிவுகள் கிடைத்தன. மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒத்துப்போகின்றன. இவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறோம். முன்பு இதே நிலையத்திலிருந்து வந்த பதிவில் நானூறு நாளில் ஒரு நாள்கூட விடுபடாதது எங்களுக்கு ஐயத்தைத் தந்தது. நீங்கள் போகவில்லை என்று எழுதிய நாட்களைப் பார்த்த பிறகே மற்ற நாட்களை நம்பினோம்.’

சின்னாயி கை கழுவிக்கொண்டு வந்து, “இன்னொருக்கா படிங்க” என்றாள். படித்தேன். கருப்பண்ணன் ஒரு சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

“இதக் கண்டுபுடிக்க எட்டு மாசமா?” என்றார்.

இதனால் ஊரில் எதுவும் மாறிவிடவில்லை. சென்னியப்பன் போர்டு மெம்பர் ஆனான். கலியாண வீடுகளில் அந்தச் சால்வையோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்து, மலையின் வேரைப் பற்றிப் பேசுவான். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர்களில் பாதிப் பேர் பந்தலில் கருப்பண்ணன் பேசியதைத் தம் காதால் கேட்டவர்கள். புரொபசருக்குச் சர்க்கார் பட்டம் கிடைத்ததாகப் பேப்பரில் படித்தேன். அவர் அச்சடித்த கட்டுரையைத் திரும்பப் பெற்றதாக எங்கேயும் படிக்கவில்லை. நான் மில்லிலேயே இருந்தேன். அதற்குப் பிறகும் எனக்குப் பழம் கொண்டுவந்தவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன் என்பதைத் தவிரப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

யுத்தம் முடிந்து மறு வருஷம், வடக்கத்தி ஆபீசிலிருந்து இரண்டு பேர் ஒரு ஜீப்பில் வந்தார்கள். மலையின் உச்சியிலேயே சில நாள் கருவி வைத்துப் பார்க்கவேண்டுமாம். கருப்பண்ணன் பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடை கடையாகக் கேட்டு வந்தார்கள். ஒருவர் கை கூப்பினார். கருப்பண்ணன் பதிலுக்குக் கும்பிடவில்லை.

“ஜீப்பு மேல ஏறாதுங்க. ரோடு இல்ல. நடக்கணும். செருப்பு அந்துரும், வேற வாங்கிக்கங்க” என்றார்.

பத்து நாள் அவர்களோடு போய்விட்டார். பாட்டரிப் பெட்டியை மலைக்காரர்கள் தூக்கினார்கள். கடிகாரப் பெட்டியை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லையாம். திரும்பி வந்தபோது முழங்கால் வீங்கியிருந்தது. சின்னாயி வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரை வருஷம் அந்த மலையடியில் படுத்து எழுந்தவர், மேலே போனது அதுதான் முதல் தடவை. அது எனக்குத் தெரியும். ஆகவே கேட்டேன்.

“மேல எப்பிடி இருந்துச்சு?”

“குளுரு” என்றார். கொஞ்சம் யோசித்து, “அந்த ரெண்டு பசங்களும் பரவால்லீங்க. ஒருத்தன் ஒரு நா நேரம் பாக்காம தூங்கிப்போட்டான். காத்தால எந்திரிச்சு அவனே நோட்டுல எழுதினான், தூங்கிட்டேன்னு” என்றார்.

சின்னாயி தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கலியாணமாகி இருபது வருஷத்தில், அவர் ஒரு மனிதனைப் பரவாயில்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லையாம்.